பாகற்காய்ச் சாறு குடித்தால் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி):
நீரிழிவுக்குக் காரணம் சீனி மட்டுமே என்றும், மெற்போமின் குளிசைதான் சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது என்றும், வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடித்தால் வருத்தம் முற்றாக மாறிவிடும் என்றும் வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவை நம்பி அம்மா குளிசையை விட்டுவிட்டார். அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

பதில் (அக்கரைப்பற்று):
தம்பி, சிறுநீரகத்தைக் கெடுப்பது பல ஆண்டுகள் கட்டுப்படாமல் நிற்கும் குருதிக் குளுக்கோசே. சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் பலவீனப்பட்டவர்களுக்கு வைத்தியர்கள் மெற்போமினைக் குறைப்பதோ நிறுத்துவதோ உண்டு என்பதால், ஊர்ப்பேச்சில் காரணமும் விளைவும் இடம்மாறிவிட்டன. பரம்பரை, உடற்பருமன், உடலுழைப்பின்மை ஆகியவை சேர, குருதிக் குளுக்கோசைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரிவர வேலை செய்யாமற்போவதே இரண்டாம் வகை நீரிழிவு. சீனியை விட்டுவிட்டுத் தேனையும் வெல்லச் சர்க்கரையையும் சேர்ப்பதால் பயனில்லை; சிவப்பரிசிச் சோறென்று அளவின்றி உண்பதும் அப்படித்தான்.

பதில் (கல்முனை):
பாகற்காய் கறியாக நல்லதுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது மருந்துக்கு ஈடாகாது. குருதிக் குளுக்கோசின் சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்து, அறிக்கையை அம்மாவிடமே காட்டுங்கள். உடல் எடையை நன்கு குறைத்த சிலருக்கு மருந்தில்லாமலே அளவு சீராக இருப்பது உண்மை; அதையும் வைத்தியரின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

பதில் (ஆரையம்பதி):
முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் குரல்பதிவை அனுப்பிவிடாதீர்கள். அவர்களுடைய நோயெதிர்ப்புத் தொகுதியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுவதால், இன்சுலின் ஊசியை நிறுத்தினால் சில நாட்களுக்குள்ளேயே உயிராபத்து ஏற்படலாம்.