முக்திநாத் போகும் வழியில் எந்தப் பக்க ஜன்னல்?

திருவாலி:
நவம்பர் முதல் வாரம் அப்பா அம்மாவோடு நேபாளத்துல இருக்கிற முக்திநாத் கோயிலுக்குக் கிளம்புறோம். திருமங்கையாழ்வார் பாடின சாளக்கிராமம்கிற தலம் அதுதான்னு சொல்வாங்க, அதைப் பார்க்கணும்னு அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. டெல்லி–காத்மாண்டு, அங்கேருந்து போக்ரா, பிறகு ஜோம்சோம், மூணுமே விமானம். வழியில இமயமலையைப் பார்க்கணுமாம். டெல்லி ஃபிளைட்டுல சீட் தேர்வுக்குத் தனிக் காசு. கட்டலாமா? எந்தப் பக்கம்?

மேகதூதன்:
இடப்பக்கம், 'ஏ' சீட். கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுங்க. விமானம் தென்கிழக்கா போகுது, மலை முழுக்க வடக்கே இருக்கு. வானம் தெளிவா இருந்தா முதல்ல தூரத்துல நந்தாதேவி, அப்புறம் தௌலகிரி (8,167 மீ.), அன்னபூர்ணா (8,091 மீ.), மனாஸ்லு (8,163 மீ.) ஒண்ணு பின்னால ஒண்ணா வரும். வெயில் தெற்கே நிக்கிறதால கண் கூசாது. றெக்கைக்கு முன்னாடி வரிசையா எடுங்க. பின்னாடி உட்கார்ந்தா எஞ்சின் அனல்ல காட்சி நெளியும். திரும்பும்போது வலப்பக்கம், 'எஃப்'.

கணக்குப்பிள்ளை:
பக்கம் சரிதான். காசு கட்டச் சொல்றதுதான் எனக்கு ஒப்பலை. அந்த வழி உத்தரப் பிரதேசத்துக்கு மேல போகுது, தௌலகிரி சுமார் 200 கி.மீ. தள்ளி. அடிவானத்துல ஒரு வெள்ளை விளிம்பு, அவ்வளவுதான். காத்மாண்டு–போக்ராவுல மனாஸ்லு அறுபது எழுபது கி.மீ.தான். அங்கே மேற்கே போறீங்க, அதனால வலப்பக்கம். அங்கே ஓடுற ஏடிஆர்ங்கிற சின்ன விசிறி விமானத்துல றெக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும். எஞ்சின் மறைக்காத பின்வரிசையா கவுன்டர்ல சீக்கிரமே போய்க் கேளுங்க.

மேகதூதன்:
வெள்ளை விளிம்பா! சார், போக்ரா விமானம் தாழப் பறக்குறது. மேகம் கொஞ்சம் ஏறினாலும் ஒண்ணும் தெரியாது. டெல்லி ஃபிளைட் முப்பதாயிரம் அடிக்கு மேல, தூசி மூட்டமெல்லாம் கீழே கிடக்கும். மேற்கு நேபாளத்துலேருந்து மலைத்தொடர் நீளவாக்குல விரியுறது அங்கேதான் கிடைக்கும். கிட்டப் பார்க்கிறது வேற, முழுசாப் பார்க்கிறது வேற.

சிமரா:
காத்மாண்டு நெரிசல் யாருக்கும் ஞாபகம் இல்லையா? இறங்க முறை வராம தெற்கே வட்டமடிக்க விடுவாங்க. அப்போ ரெண்டு பக்கத்துக்கும் மலை கிடைக்கும். கடைசியா வடக்கே திரும்பும்போது எவரெஸ்ட் இருக்கிற திசை வலப்பக்கம். நான் காசு கட்டாம வலப்பக்கம்தான் உட்காருவேன்.

மேகதூதன்:
அதுக்குள்ள விமானம் தாழ்ந்திடும், முன்னாடி இருக்கிற மலை மறைக்கும். தாமதமாகும்னு வேண்டிக்கிட்டா சீட் எடுப்பாங்க?

கண்டகிக்கரை:
அம்மா போறது சாளக்கிராமத்துக்கு. ஜோம்சோம் விமானத்தை விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் சண்டை போடுறீங்களே! போக்ராவிலேருந்து இருபது நிமிஷம்தான். 19 பேர் உட்காருற ட்வின் ஆட்டர்ங்கிற குட்டி விமானம், இதுலயும் றெக்கை மேலேதான். மலைக்கு மேலே பறக்காது, காளி கண்டகி பள்ளத்தாக்குக்குள்ளே நுழைஞ்சு போகும். இடப்பக்கம் தௌலகிரி, வலப்பக்கம் அன்னபூர்ணாவும் நேபாளத்து நீலகிரியும் (நம்ம ஊட்டி நீலகிரி இல்ல). தௌலகிரி, அன்னபூர்ணான்னு ரெண்டு எட்டாயிரம் மீட்டர் சிகரத்துக்கும் நடுவே 35 கி.மீ.கூட வராது. சாளக்கிராமக் கல் கிடைக்கிற ஆறு கீழே ஓடும். நான் இடப்பக்கம்தான் சொல்வேன், தௌலகிரி ஆத்துலேருந்து நேரா எழும்பி நிக்குது.

கணக்குப்பிள்ளை:
காலையில கிழக்கு வெயில் அடிக்கும், அதனால மேற்கே இருக்கிற தௌலகிரி முகம் பளிச்சுன்னு தெரியும். இதுல உங்க கட்சி. ஆனா அந்த விமானத்தை நம்பி திட்டம் போடாதீங்க. மதியத்துக்கு முன்னாலேயே பள்ளத்தாக்குல காத்து எழும்பிடும், காலையில மட்டும்தான் பறக்கும். அதுவும் ரத்தாகும். ரத்தானா ஜீப்புல போக ஒரு நாள் கைவசம் வைங்க. கோயில் 3,700 மீட்டருக்கு மேல, பெரியவங்க ஜோம்சோம்ல ஒரு ராத்திரி தங்கிட்டு ஏறினா நல்லது.

திருவாலி:
ஜீப்புக்கு ஒரு நாள் சேர்த்துட்டேன். டெல்லி ஃபிளைட்டுல அம்மாவுக்கு மட்டும் 'ஏ' எடுக்கலாம்னு இருக்கேன். அப்பா ஏறினதும் தூங்கிடுவார், அவருக்கு எதுக்குத் தண்டம்?

கணக்குப்பிள்ளை:
எத்தனை மணி ஃபிளைட்? நவம்பர்ல காத்மாண்டுல நம்ம நேரத்துக்கு அஞ்சு மணிக்கே சூரியன் விழுந்திடும். சாயங்காலம்னா அந்த ஒரு சீட்டும் வீண்.

திருவாலி:
காலை ஏழரை.

மேகதூதன்:
அப்போ இன்னிக்கே கட்டுங்க. முன்வரிசை 'ஏ' சீக்கிரம் போயிடும்.