எம்.சி.ஐ.டி.க்குத் தமிழ் — திங்களுக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். இயன்முறை மருத்துவ மாணவர் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'மினிமல் கிளினிக்கலி இம்பார்ட்டன்ட் டிஃபரன்ஸ்' (எம்.சி.ஐ.டி.) மட்டும் இடிக்கிறது. 1989-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் முன்வைத்தது. நோயாளியின் நிலைக்குத் தரும் மதிப்பெண் எவ்வளவு மாறினால் நோயாளிக்கே பயன் தெரியுமோ, அந்த மிகச்சிறிய அளவு. நாள்பட்ட வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால் ஏறக்குறைய 2 புள்ளி. 'குறைந்தபட்ச மருத்துவ முக்கியத்துவ வேறுபாடு' என்று போட்டேன். படித்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது.

புலவர் ஐயா எழுதியது:
"தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர் பயன்தெரி வார்." சிற்றளவும் இருக்கிறது, பயன் தெரிகிறவரும் இருக்கிறார். 'தினைப்பயன்' என்று வையுங்கள்.

இயன்முறை மருத்துவர் எழுதியது:
ஐயா, தினையைப் பனையாகச் சொல்வதுதான் எங்கள் தலைவலியே! முழங்கால் மாற்று அறுவை முடிந்த பாட்டி. "எப்படிம்மா இருக்கு?" "பரவாயில்லப்பா." காலை மடக்கச் சொன்னால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார். −7 (மிக மோசமாகிவிட்டது) முதல் +7 (மிக நன்றாகிவிட்டது) வரை உள்ள அளவுகோலில் அந்தப் 'பரவாயில்லை'யை எங்கே வைப்பது? கொஞ்சம் தேறியதா, என்னை நோகடிக்க வேண்டாமென்றா?

புலவர் ஐயா எழுதியது:
'பர்வா' பாரசீகம். நம் சொல் தேவலை. தா + இலை, தாவிலை, தேவலை என்று கொள்வேன். "தாவே வலியும் வருத்தமும் ஆகும்" என்பது தொல்காப்பிய உரியியல். எனவே 'தேவலளவு'.

இயன்முறை மருத்துவர் எழுதியது:
அந்த நூற்பாவில் வலி என்றால் வலிமையல்லவா? அப்படியானால் தேவலையானவருக்கு வருத்தமும் இல்லை, வலுவும் இல்லை. அறுவை முடிந்த மூன்றாம் நாளுக்குப் பொருத்தம்தான்.

கேட்டவன் மீண்டும்:
'பயனுணர் குறைமாற்றம்' என்று எழுதிப் பார்த்தேன். ஒரு மாணவி 'குறையை மாற்றுவதா சார்?' என்றார். தவிர, அளவீட்டுப் பிழையைத் தாண்டிய மாற்றத்துக்கு 'கண்டறியத்தகு குறைந்தபட்ச மாற்றம்' என்று முந்தைய பாடத்திலேயே போட்டாயிற்று. இரண்டிலும் 'மாற்றம்' வந்தால் குழப்பம். ஆகவே 'நோயாளி உணரும் குறைந்தபட்சப் பயன்'. நால்வர் சரி என்கிறீர்கள், அனுப்பிவிடுகிறேன்.

புலவர் ஐயா எழுதியது:
அது கலைச்சொல் அன்று, விளக்கவுரை. என் மறுப்பைப் பதிவுசெய்க. அந்தப் பாட்டிக்கு என்ன எண் போட்டீர்கள்?

இயன்முறை மருத்துவர் எழுதியது:
போடவில்லை ஐயா. "என்ன செய்ய முடிந்தால் போதும்?" என்று மாற்றிக் கேட்டேன். "கீழ உக்காந்து கீரை ஆயணும்" என்றார்.