வெப் தொலைநோக்கிப் படம் திறந்தால் முழுக்கக் கறுப்பு, அவசரம்!

மொட்டைமாடி78 | புதன், இரவு 9:14
வெப் படம் ஒன்றை நாசா தளத்தில் இருந்து இறக்கினேன். திறந்தால் முழுக்கக் கறுப்பு. மூன்று முறை இறக்கிப் பார்த்தாயிற்று, அதே கதைதான். வெள்ளி காலை பிரிண்டுக்குக் கொடுக்க வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

கடுகு | 9:20
வெப் படம் என்றால் வெப்சைட்டில் இருக்கும் படமா, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படமா? எந்தக் கோப்பு? எதில் திறந்தீர்கள்? கறுப்பு என்றால் எவ்வளவு கறுப்பு?

செந்தூரம் | 9:26
வெப் தரவில் பலவற்றுக்கு ஒரு வருடம் வரை பூட்டு உண்டு. ஆய்வை முன்மொழிந்தவர்கள் பார்த்து முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. உங்களுக்கு வந்தது காலிக் கோப்பாக இருக்கும்.

மொட்டைமாடி78 | 9:31
ஜேம்ஸ் வெப்தான் சார். கரீனா நெபுலா, மலை மாதிரி ஒரு வாயு முகில் இருக்குமே அது. ஃபிட்ஸ் கோப்பு.

கடுகு | 9:35
செந்தூரம், பூட்டு உள்ள கோப்பு என்றால் இறக்கவே விடாது. அதுவும் கரீனா 2022 ஜூலை 12 அன்று வெளியான முதல் படங்களில் ஒன்று. அதன் தரவு அப்போதிலிருந்தே எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது.

பழைய_ரேடியோ | 9:41
ரேம் எவ்வளவு? நான் அடித்துச் சொல்கிறேன், ரேம்தான். கரீனாவின் வெளியிட்ட படமே 14,575க்கு 8,441 பிக்சல். பெருக்கினால் 12.3 கோடி. பிக்சலுக்கு 4 பைட் வைத்தால் ஒரு அடுக்குக்கே 49 கோடி பைட். ஃபிட்ஸ் கோப்பில் படம் மட்டுமா இருக்கிறது? பிழை அளவு, எடை என்று ஏழு அடுக்கு. 3.4 ஜிபி தாண்டும். 4 ஜிபி லேப்டாப் என்ன செய்யும் பாவம்.

துருவன் | 9:52
இதே கேள்வி இந்தக் குழுவில் மாதம் ஒரு முறை வருகிறது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது. ஃபிட்ஸ் என்பது வானியல் தரவுக்கான கோப்பு வடிவம். அதில் இருப்பது போட்டோ அல்ல, அளவீடு. அது என்னவென்று தெரியாமல் இறக்கிவிட்டு அவசரம் என்று தலைப்புப் போடுவதில் பயனில்லை. இன்னொன்று, நீங்கள் இறக்கியது நாசா தளத்தில் இருந்து அல்ல. பால்டிமோரில் விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிலையம் நடத்தும் மாஸ்ட் காப்பகத்தில் இருந்து.

கடுகு | 9:58
சரிங்க துருவன். மொட்டைமாடி, கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று மட்டும் பாருங்கள். 'அன்கேல்' என்றால் அது கேமராவின் டிடெக்டரில் (ஒளி உணரியில்) இருந்து வந்த பச்சைத் தரவு, அதைத் தொடாதீர்கள். 'ரேட்', 'கேல்' இரண்டும் பாதி சமைத்தது. 'ஐ2டி' என்றால் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ஒட்டிய படம். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

மொட்டைமாடி78 | 10:10
ஐ2டி. டிஎஸ்9 என்ற ஃபிட்ஸ் பார்க்கும் மென்பொருளில் திறந்தேன். ரேம் 16 ஜிபி. முழுக்கக் கறுப்பு என்று சொன்னேன், உற்றுப் பார்த்தால் நாலைந்து வெள்ளைப் புள்ளி இருக்கிறது. திரையில் தூசி என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை.

அகல் | 10:17
துடைத்தது நட்சத்திரம். :-)
கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. டிஎஸ்9 எடுத்த எடுப்பில் ஆகக் குறைந்த மதிப்பைக் கறுப்பாகவும் ஆக அதிக மதிப்பை வெள்ளையாகவும் வைத்து, நடுவில் இருப்பதைச் சமமாகப் பங்கிடும். பிரகாசமான நட்சத்திரத்தின் மதிப்பு சுற்றியுள்ள முகிலைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு, சில இடத்தில் அதற்கும் மேல். பங்கு பிரிக்கும்போது முகிலுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. தேர் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் அகல் விளக்கு வைத்த மாதிரி (என் பெயரைச் சொல்லவில்லை).
மேலே 'ஸ்கேல்' மெனுவில் 'லாக்' வையுங்கள். அதே மெனுவில் 'மின்மேக்ஸ்' என்று இருப்பதை 99.5 சதவீதத்துக்கு மாற்றுங்கள். அப்படியும் மங்கலாக இருந்தால் 'இசட்ஸ்கேல்'. அப்புறம் வலது மவுஸ் பட்டனை அழுத்திக்கொண்டு படத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள், வெளிச்சம் மாறும்.

பழைய_ரேடியோ | 10:19
16 ஜிபி என்றால் கிராபிக்ஸ் டிரைவராக இருக்கலாம்.

மொட்டைமாடி78 | 10:33
வந்துவிட்டது!!! மலை தெரிகிறது. ஆனால் கறுப்பு வெள்ளை. கலர் எங்கே? கலர் கோப்பு தனியாக இறக்க வேண்டுமா?

துருவன் | 10:36
ஃபிட்ஸில் கலர் கோப்பு என்று ஒன்று கிடையாது. இதைத்தான் அளவீடு என்று சொன்னேன்.

செந்தூரம் | 10:40
பார்த்தீர்களா, நான் எப்போதும் சொல்வது இதுதான். அந்த ஆரஞ்சு மலை, நீல வானம் எல்லாம் இவர்களாகப் பூசுவது. நேரில் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. போஸ்டர் விற்க வேண்டாமா?

சுருதிப்பெட்டி | 10:49
பூசுவது இல்லை, இறக்குவது. ஐந்தரைக் கட்டைப் பாட்டை நம் தொண்டைக்கு ஏற்ப ஒரு கட்டைக்கு இறக்கிப் பாடினால் ராகம் மாறிவிடுமா? வெப்பின் நிர்கேம் கேமரா பார்ப்பது 0.6 முதல் 5 மைக்ரான் வரையுள்ள அலைநீளம். நம் கண் 0.7-லேயே நின்றுவிடும். அதனால் குறுகிய அலைநீளத்துக்கு நீலம், நடுவுக்குப் பச்சை, நீண்டதற்குச் சிவப்பு என்று வரிசை கலையாமல் கொடுக்கிறார்கள். கரீனா படத்தில் 0.9 மைக்ரான் நீலம், 4.44 மைக்ரான் சிவப்பு.

செந்தூரம் | 10:55
அப்படியென்றால் ஹப்பிள் 1995-ல் எடுத்த தூண்கள் படம்? ஹைட்ரஜனைப் பச்சையாக்கி வைத்திருக்கிறார்கள். ஹைட்ரஜன் ஒளி சிவப்பு, பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அது கட்டை இறக்கியதா, ராகத்தையே மாற்றியதா?

சுருதிப்பெட்டி | 11:04
நல்ல கேள்வி. கந்தகம், ஹைட்ரஜன் இரண்டின் ஒளியும் சிவப்பிலேயே பக்கத்துப் பக்கத்தில் விழும். 673 நானோமீட்டர், 656 நானோமீட்டர். உள்ளபடி காட்டினால் எது எது என்றே தெரியாது. அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று விரித்தார்கள். அதிலும் பாருங்கள், அலைநீள வரிசை கலையவில்லை.

செந்தூரம் | 11:07
விரிப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்கிறீர்கள். சரி. ஆனால் அதைப் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் போட வேண்டும்.

சுருதிப்பெட்டி | 11:09
வடிகட்டிப் பெயரும் (எந்த அலைநீள ஒளியை மட்டும் உள்ளே விட்டது என்பது) அதற்குக் கொடுத்த நிறமும் படத்தோடு சேர்த்தே வெளியிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்தான் வெட்டிவிடுகிறார்.

யாழ்வாசி | 11:15
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் பள்ளியில் தொலைகாட்டி என்றுதான் படித்தோம், இங்கே எல்லோரும் தொலைநோக்கி என்கிறீர்கள். எது சரி? நெபுலாவையும் ஒருவர் முகில் என்கிறார், ஒருவர் நெபுலா என்கிறார்.

துருவன் | 11:18
தொலைநோக்கி. நாம்தான் நோக்குகிறோம், அது காட்டவில்லை.

யாழ்வாசி | 11:21
அண்ணா, இந்த இழையில் இரண்டு மணித்தியாலமாக எல்லோரும் கதைப்பதே அது காட்டுகிறதா இல்லையா என்றுதானே?

கடுகு | 11:22
:-)

அகல் | 11:30
மொட்டைமாடி, விஷயத்துக்கு வருவோம். மூன்று வடிகட்டிகளின் ஐ2டி கோப்பு போதும்: எஃப்090டபிள்யூ, எஃப்200டபிள்யூ, எஃப்444டபிள்யூ. அந்த எண்தான் அலைநீளம், 200 என்றால் 2.00 மைக்ரான். டிஎஸ்9-ல் புதிதாக ஒரு ஆர்ஜிபி ஃபிரேம் திறந்து, 444-ஐச் சிவப்பிலும் 200-ஐப் பச்சையிலும் 090-ஐ நீலத்திலும் ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்கேலைத் தனித்தனியாக வைக்க வேண்டும்.

மொட்டைமாடி78 | வியாழன், காலை 6:48
டிஎஸ்9-ல் கலர் வந்தது. ஆனால் சேமித்தால் படம் சின்னதாக இருக்கிறது. அதனால் மூன்றையும் தனித்தனியாகச் சேமித்து கிம்ப் என்ற பட எடிட்டரில் அடுக்கினேன். சிவப்பு மட்டும் பாதி அளவில் மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

அகல் | 7:15
இரண்டும் எதிர்பார்த்ததுதான். டிஎஸ்9-ல் படமாகச் சேமித்தால் திரையில் தெரியும் அளவுதான் வரும், போஸ்டருக்குப் பற்றாது. ஃபிட்ஸ் லிபரேட்டர் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, ஸ்ட்ரெச் கொடுத்து (டிஎஸ்9-ல் லாக் வைத்த மாதிரி), 16 பிட் டிஃப் படமாகச் சேமியுங்கள்.
சிவப்பு சின்னதாக இருப்பதற்குக் காரணம் கேமரா. நிர்கேமில் குறுகிய அலைக்கு எட்டு டிடெக்டர், நீண்ட அலைக்கு இரண்டே இரண்டு. முதலாவதில் ஒரு பிக்சல் 0.031 ஆர்க் விநாடி (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்குதான் ஆர்க் விநாடி), இரண்டாவதில் 0.063. அதே வானத்துக்கு நீளத்திலும் அகலத்திலும் பாதிப் பிக்சல்தான். டிஎஸ்9 வான ஆயத்தொலைவைப் படித்துத் தானாகப் பொருத்தியது, கிம்ப்புக்கு வானம் தெரியாது. 444-ஐ இரண்டு மடங்கு பெரிதாக்கி, ஒளிமிக்க ஐந்தாறு நட்சத்திரத்தை அடையாளம் வைத்து நகர்த்திப் பொருத்துங்கள்.

பழைய_ரேடியோ | 7:40
எதற்கு இவ்வளவு பாடு? தயார்ப் படம் 14,575 பிக்சலில் முழுக் கலரோடு இலவசமாகவே கிடைக்கிறதே. அதை அப்படியே பிரிண்ட் போட வேண்டியதுதானே.

மொட்டைமாடி78 | 7:52
மகளுடைய பள்ளிக் கண்காட்சி. தயார்ப் படத்தைத்தான் முதலில் காட்டினேன். "இது நாம் செய்ததில்லையே" என்று சொல்லிவிட்டாள்.

துருவன் | 8:05
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நேற்று இரவு இருபது பதிவு மிச்சமாகியிருக்கும். எஃப்187என் கோப்பையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஹைட்ரஜன் வாயு எங்கே ஒளிர்கிறது என்று அதில் துல்லியமாகத் தெரியும். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு நிறம் கொடுக்கலாம். குழந்தை எந்த வகுப்பு?

மொட்டைமாடி78 | வெள்ளி, காலை 10:40
முடிந்தது, பிரிண்ட் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி. ஏழாம் வகுப்பு.

செந்தூரம் | 10:58
எப்படிச் சரியானது என்று எழுதுங்கள். படத்தையும் போடுங்கள். கீழே வடிகட்டிப் பெயர் போட்டீர்களா?

யாழ்வாசி | ஞாயிறு, மாலை 5:22
இந்த இழையைப் பார்த்து நானும் செய்தேன், நன்றாக வந்தது. ஆனால் பெரிய நட்சத்திரங்களின் நடுவில் எல்லாம் கறுப்பாக ஒரு ஓட்டை இருக்கிறது. கருந்துளையா என்று தம்பி கேட்கிறான்.

அகல் | 5:41
கருந்துளை இல்லை. அங்கே ஒளி மிஞ்சிப்போய் டிடெக்டர் நிரம்பிவிட்டது. நம்ப முடியாத பிக்சல் என்று மென்பொருள் அதற்கு எண்ணே கொடுக்காமல் விட்டிருக்கிறது. வெளியிடும் படங்களில் அதை நிரப்பிவிடுவார்கள்.

யாழ்வாசி | 5:44
எப்படி நிரப்புவது?

துருவன் | 5:50
அதற்குப் புது இழை தொடங்கவும். தலைப்பில் அவசரம் என்று போட வேண்டாம்.