ஸ்பெக்ட்ரம் 48கே: திரையில் நிலைக்கோடு மட்டும், 4116 மெமறி சிப் எங்க எடுக்கலாம்? (கிளிநொச்சி)

பரந்தன்48:

வணக்கம். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே (1982இல வந்த வீட்டுக் கம்பியூட்டர்), ரப்பர் விசை, போட்டில 'இஷ்யூ 3' எண்டு அடிச்சிருக்கு. ரீவியில யூ.எச்.எஃப் 36 இல பிடிக்குது. ஆனா 1982 சின்கிளெயர் எண்டு கீழ வாற வரி வரேல்ல. மங்கல் வெள்ளைத் திரை, அதில மேலிருந்து கீழா நிலைக்கோடுகள். அவ்வளவுதான்.

அளந்து பாத்தது:
பழைய அடாப்டர், ஒண்டும் கொழுவாமல்: 13.4 வோல்ற்.
7805 (5 வோல்ற் தாற றெகுலேற்றர்) வெளிக்கால்: 5.02.
4116 சிப்பின்ர 1ஆம் கால்: 0.
8ஆம் கால்: 12 இல்லை, நல்லாக் குறைவு.
எட்டு சிப்பில ஒண்டு கை வைக்க ஏலாத சூடு.

இதுக்கு முதல் ஒருக்கா றவுட்டரின்ர 9 வோல்ற் அடாப்டரைக் கொழுவினது, அதையும் சொல்லோணும். அடாப்டர் பிழையா? ரவுணில ரீவி திருத்திற இடங்களில 4116 எண்டால் அப்பிடி ஒரு நம்பரே இல்லை எண்டினம். எட்டையும் மாத்தத்தான் வேணுமோ?

ஈயக்கம்பி:

தம்பி, முதல் வேலை: இனி ஒருக்காலும் கறண்ட் குடுக்காதேங்கோ. 4116க்கு மூண்டு வோல்ற்றேஜ் வேணும். 1ஆம் கால் மைனஸ் 5, 8ஆம் கால் 12, 9ஆம் கால் 5, 16ஆம் கால் கிறவுண்ட். மைனஸ் 5 இல்லாமல் 12 மட்டும் போனால் சிப் சூடாகிச் சாகும். இப்ப ஒண்டுதான் சுடுது, நாளைக்கு நாலாகும்.

அடாப்டரில பிழை இல்லை. அது றெகுலேற் செய்யாத சாதாரண ரான்ஸ்போமர். சும்மா இருக்கேக்க 13, 14 காட்டும், மெஷின் இழுக்கேக்க இறங்கும். பிழை றவுட்டர் அடாப்டரில. ஸ்பெக்ட்ரமுக்கு நடு நெகற்றிவ், றவுட்டர் அடாப்டர் அநேகமா எல்லாம் நடு பொசிற்றிவ். மாறிக் குடுத்தால் முதல் போறது ரிஆர்4 எண்ட ரான்சிஸ்டர். பக்கத்தில இருக்கிற சுருளோட சேந்து 12ஐயும் மைனஸ் 5ஐயும் உண்டாக்கிறது அதுதான். 7805 தப்பினது உங்கட அதிர்ஷ்டம்.

ரிஆர்4 இசட்.ரி.எக்ஸ் 650, ரிஆர்5 இசட்.ரி.எக்ஸ் 213. ரெண்டையும் சேத்து மாத்துங்கோ, ஒண்டு போனால் மற்றதை நம்பேலாது. 650 கிடைக்காட்டி 651 போடலாம், கால் வரிசை ஒண்டுதான். கடைக்காரர் 'இதுவும் அதுதான்' எண்டு வேற ஏதும் தந்தால் மீற்றரில பேஸ், கலெக்டர், எமிற்றர் பாக்காமல் பூட்டாதேங்கோ. சுருளின்ர மெல்லிய கம்பி கருகியிருக்கோ, காலில இருந்து கழண்டிருக்கோ எண்டும் வெளிச்சத்தில பாருங்கோ. கருகியிருந்தால் ரான்சிஸ்டர் மட்டும் மாத்தி வேலை இல்லை.

ஆனா ரான்சிஸ்டர் ஏன் போனது எண்டு பாக்காமல் புதுசு போட்டால் அதுவும் போகும். கறண்ட் இல்லாமல், மீற்றரை ஓமில வைச்சு, ஒரு 4116இல 8க்கும் 16க்கும் இடையில, பிறகு 1க்கும் 16க்கும் இடையில அளவுங்கோ. எட்டும் ஒரே லைனில இருக்கிறதால எந்தச் சிப்பில வைச்சாலும் ஒரே அளவுதான் வரும். ஒண்டு ரெண்டு ஓம் காட்டினால் ஏதோ ஒரு சிப் ஷோட். சுடுற சிப்பைக் கழட்டிப்போட்டுத் திரும்ப அளந்தால் தெரிஞ்சிடும்.

பரந்தன்48:

நன்றி அண்ணை. 8க்கும் 16க்கும் 3 ஓம். சூடான சிப், போட்டில ஐசி 9 எண்டு அடிச்சது. அதைக் கழட்டினாப் பிறகு ஷோட் இல்லை. ரான்சிஸ்டர் ரெண்டுக்கும் சொல்லியாச்சு. இப்ப 4116தான் பிரச்சினை. வெளிநாட்டுத் தளங்களில இருக்கு, ஒண்டு ஒண்டா வாங்கினால் தபால் செலவு சிப்பை விடக் கூட.

வவுனியா_றேடியோ:

4116ஐத் தேடாதேங்கோ. மலிவா வாறதில மேல இருக்கிற நம்பரைச் சுரண்டிப்போட்டுப் புதுசா அடிச்சதும் கலந்து வரும். உள்ளூரில கிடைக்கக்கூடியது 4164, இல்லாட்டி 41256. பழைய எக்ஸ்ரி, 286 கம்பியூட்டர் மதர்போட்டுகளில 16 காலோட வரிசையா நிக்கும், அநேகமா சொக்கற்றில. ஸ்க்ரூ ட்றைவரால ரெண்டு பக்கமும் மெல்ல மெல்லக் கிளப்பினால் வந்திடும். வவுனியாவிலயும் கிளிநொச்சியிலயும் பழைய இரும்பு எடுக்கிற இடங்களில கந்தோர் கழிவோட இந்த போட்டுகள் வரும். கிலோக் கணக்கில விக்கிறவைக்கு அது வெறும் பச்சைத் தகடு.

ஐசி 9இன்ர துளையில நேர பூட்டாதேங்கோ, மாத்தம் செய்யோணும்:

4164 எண்டால் 1ஆம் காலையும் 8ஆம் காலையும் வெளிய வளைச்சு நிமித்துங்கோ, சொக்கற்றுக்குள்ள போகக்கூடாது. 8இல இருந்து நேர் எதிர்ப்பக்கம் இருக்கிற 9க்கு ஒரு மெல்லிய கம்பி. 9ஆம் காலில போட் தாறது 5 வோல்ற். 4164க்கு 8தான் பவர், 9 ஏ7 எண்ட முகவரிக் கால். ரெண்டுக்கும் அதே 5 போகும். ஏ7 நிரந்தரமா மேல நிக்கிறதால 64கேயில கால்வாசி மட்டும் பாவிக்கப்படும். எங்களுக்கு வேண்டியது 16கேதானே. றிஃப்றெஷும் (சிப் மறக்காமல் அடிக்கடி திரும்ப வாசிக்கிறது) இடிக்காது, பாவிக்கிற 128 வரிசையையும் போட்டே சுத்தி வரும்.

41256 எண்டால் கவனம். அதுக்கு 1ஆம் கால் வெறும் கால் இல்லை, ஏ8. வளைக்க மறந்து மைனஸ் 5இல குத்தினால் அந்த நிமிசமே முடிஞ்சுது. வளைச்ச 1ஐ எதிர்ப்பக்கத்து 16க்கு இணையுங்கோ, அது கிறவுண்ட். 8க்கும் 9க்கும் கம்பி முந்தி மாதிரித்தான்.

ஈயக்கம்பி:

வவுனியா அண்ணை சொன்னது சரி. ஒண்டு மட்டும் சேக்கிறன்: ஒரு சிப்புக்காக எட்டையும் கழட்டாதேங்கோ. இஷ்யூ 3 போட்டில செம்புத் தடம் மெல்லிசு, சூடு கூடினால் துளையோட உரிஞ்சு வரும். செத்த சிப்பைக் காப்பாத்த நினைக்க வேண்டாம். உடம்போட ஒட்டக் கால்களை வெட்டி எடுத்துப்போட்டு ஒவ்வொரு காலா அயனால சூடாக்கி இழுங்கோ. 16ஆம் கால் கிறவுண்ட் தகட்டோட இருக்கிறதால இளகப் பிந்தும். அங்க பலமா இழுக்காமல் புது ஈயம் கொஞ்சம் விட்டுச் சூடாக்குங்கோ. பிறகு பதிஞ்ச வகை 16 கால் சொக்கற். உயரமானது போட்டால் மூடி இறுக்கேக்க இடிக்கும்.

மற்ற ஏழும் நல்லமோ எண்டு திரையே சொல்லும். ஐசி 6 தொடக்கம் ஐசி 13 வரை ஒவ்வொண்டும் ஒரு பிற், 0 தொடக்கம் 7. ஒரு சிப் பழுதெண்டால் 8 புள்ளிக்கு ஒருக்கா அதே இடத்தில நிலைக்கோடு வரும். வலது ஓரப் புள்ளி பிற் 0.

எட்டையும் தூக்கிப்போட்டு 5 வோல்ற்றில ஓடுற புது மொடியூல் போடச் சொல்லுவினம். வேலை செய்யும். ஆனா படம் தாற எல்.எம் 1889க்கு 12 வோல்ற் வேணும், அதால ரிஆர்4 பக்கத்தை எப்பிடியும் திருத்தித்தான் ஆகோணும்.

போட் வெளிய இருக்கேக்கயே கண்டென்சர்களையும் மாத்துங்கோ. 1, 22, 100 மைக்ரோபரட், எல்லாம் 25 வோல்ற். பழசு படுக்கை வகை. நிமிர்ந்த வகைதான் கடையில கிடைக்கும், காலை நீட்டி மடிச்சுப் படுக்க வைக்கலாம். கழட்ட முதல் ஒரு படம் எடுங்கோ, பொசிற்றிவ் பக்கம் மாறக்கூடாது.

பரந்தன்48:

ரிஆர்4, ரிஆர்5, ஐசி 9 (286 போட்டில எடுத்த 41256), கண்டென்சர் எல்லாம் முடிஞ்சுது. 1ஆம் காலில மைனஸ் 5.1, 8ஆம் காலில 12.1. வரி வந்திட்டுது! ஆனா 1, கியூ, ஏ, 0, பி, என்ரர், ஸ்பேஸ், கப்ஸ் ஷிஃப்ற் வேலை இல்லை. மற்றது எல்லாம் வேலை.

வவுனியா_றேடியோ:

நல்லம். விசை பழுது சிப்பில இல்லை, மெம்பிறேனில, அதாவது விசைக்கு அடியில இருக்கிற பிளாஸ்ரிக் தாளில. அதில இருந்து ரெண்டு றிபன் (தட்டை வால்) இறங்குது, ஒண்டில 5 கோடு, மற்றதில 8. நீங்கள் சொன்ன எட்டு விசையும் 5 கோட்டு றிபனில ஒரே ஒரு கோட்டில தொங்கிறது. ஒரே வரிசையில பக்கத்துப் பக்கத்து ஐந்து விசை போயிருந்தால் 8 கோட்டு றிபன். எங்கட வெக்கைக்கு அந்தப் பிளாஸ்ரிக் காஞ்ச பனையோலை மாதிரி, மூடியைத் திறந்து றிபனை இழுத்தவுடன சொக்கற் வாயடியில வெடிக்கும்.

தற்காலிகமா: வெடிச்ச இடத்துக்கு மேல கத்தரிக்கோலால நேரா வெட்டி, மிச்சத்தைத் திரும்பச் சொருகலாம். 4, 5 மில்லிமீற்றருக்கு மேல வெட்டினால் நீளம் காணாது. ஈயம் பிடிக்கப் போகாதேங்கோ, உருகிடும்.

நிரந்தரமா: புது மெம்பிறேன் இப்பவும் செய்யினம். வாங்கேக்க 48கே ரப்பர் விசைக்கு எண்டு கேளுங்கோ, 'பிளஸ்' மொடலின்ர பொருந்தாது. லண்டனில இருந்து ஆரும் வந்தால் புத்தகத்துக்கு நடுவில தட்டையா வைச்சுக் கொண்டுவரச் சொல்லுங்கோ. றிபனை மடிச்சு என்வலப்பில போட்டால் வெடிச்சுத்தான் வந்து சேரும். மேல் தகடு இரட்டைப் பக்க ரேப்பில ஒட்டியிருக்கும், ஹெயார் ட்றையர் சூடு காட்டிக் கிளப்பினால் வளையாது.

ஈயக்கம்பி:

மெம்பிறேன் மாத்தினாப் பிறகு 48கேயும் இருக்கோ எண்டு பாக்க: பிரின்ற் பீக் 23732 + 256 * பீக் 23733. 65535 வந்தால் முழுசா இருக்கு. 32767 வந்தால் மேல் றாம் (மெமறியின்ர மேல் 32கே), ஐசி 15 தொடக்கம் 22 வரை, பாக்கோணும். அது 5 வோல்ற் சிப், கால் வளைக்கத் தேவையில்லை.

புறோகிறாம் ஏத்தக் கசற் பிளேயர் தேடி அலையாதேங்கோ. ஃபோனில இருந்து 'இயர்' ஓட்டைக்கு 3.5 மில்லிமீற்றர் வயர், சத்தம் முழுசா. ஸ்ரீரியோ வயரில ஒரு பக்கத்தை மட்டும் குடுங்கோ. ஜே விசையை அமத்தினால் லோட் வரும், மேற்கோள் குறி ரெண்டு, என்ரர். முதல் ஓரத்தில சிவப்பும் வெளிர்நீலமும் கோடா ஓடும், பிறகு நீலமும் மஞ்சளும். சிவப்பிலயே நிண்டால் சத்தம் காணாது. நடுவில ஃபோனுக்கு மெசேஜ் வந்து 'டிங்' எண்டால் ஏத்தினது பிழைக்கும், ஃபோனை ஃபிளைற் மோட்டில போட்டுட்டுத் தொடங்குங்கோ.