பிரேக் ஷாட்டுக்கு எந்த ஷாஃப்ட்? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பச்சைமேசை (சென்னை)

நான் பூல் (பில்லியர்ட்ஸ் வகை) ஆடறவன். ஆட்டத்துக்கு ஒரு ஸ்டிக், பிரேக்குக்கு, அதாவது அடுக்கின பந்துகளைச் சிதறடிக்கற மொத அடிக்கு, ஒரு ஸ்டிக்னு ரெண்டு வெச்சிருக்கேன். போன வருஷம் ஆட்ட ஸ்டிக்குல கார்பன் ஷாஃப்ட் (ஸ்டிக்கோட முன்பாதி) மாட்டினேன். சைடு வெச்சு, அதாவது வெள்ளைப் பந்தோட நடுவை விட்டுப் பக்கவாட்டுல அடிச்சாலும், வெள்ளை குறியை விட்டு அதிகம் விலகல. அந்தச் சந்தோஷத்துல பிரேக் ஸ்டிக்குக்கும் விலகல் குறைவான கார்பன் ஷாஃப்டே வாங்கிட்டேன். டிப் (பந்துல படற நுனி) நல்ல கெட்டி. பந்துல பட்டா ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கற சத்தம்.

மூணு மாசம் என் பிரேக் தொலைஞ்சே போச்சு. 9-பந்து ஆட்டத்துல அடுக்கோட முன்னாடி இருக்கற ஒண்ணாம் நம்பர் பந்தை நேரா நெத்தியில அடிச்சாத்தான் வெள்ளை லேசாப் பின்வாங்கி நடுமேசையில நிக்கும். எனக்கு அது சைடு பாக்கெட்டுக்குள்ள ஓடுச்சு, ரெண்டு தடவை மேசையை விட்டே பறந்துச்சு. ஒரு நாள் வெறுத்துப்போய் பழைய ஷாஃப்டை மாட்டினேன். சாதாரண மேப்பிள், 13 மில்லிமீட்டர், தோல் டிப். வெள்ளை நேராப் போகுது! ஆளும் அதே, கையும் அதே.

போனைப் பின்னாடி நிறுத்தி வெச்சு ஸ்லோமோஷன்ல எடுத்தேன். ரெண்டு ஷாஃப்ட்லயும் கை ஒரே தப்பைத்தான் பண்ணுது. பலமா வீசும்போது என் வலது கை உடம்புப் பக்கம் இழுத்துக்குது. பிரிட்ஜ் கையை, அதாவது மேசையில ஊனி ஸ்டிக்கைத் தாங்கற கையை, அச்சா வெச்சு ஸ்டிக் திரும்பி, டிப் நடுவை விட்டு மூணு நாலு மில்லிமீட்டர் வலது பக்கம் படுது.

கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல இயந்திரப் பொறியியல் பேராசிரியரா இருந்த டேவிட் ஆல்சியடோர், நாம எல்லாரும் டாக்டர் டேவ்னு சொல்றவர், இதைத் தெளிவா விளக்கியிருக்கார். டிப் வலது பக்கம் பட்டா ஸ்டிக்கும் வலது பக்கம் பார்த்துத்தான் இருக்கும். ஆனா வெள்ளை ஸ்டிக் பார்க்கற திசையில போகாம கொஞ்சம் இடது பக்கம் விலகும். பிரிட்ஜ் கை டிப்ல இருந்து சரியான தூரத்துல இருந்தா இந்த ரெண்டு தப்பும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிடும், வெள்ளை மொதல்ல குறி வெச்ச இடத்துக்கே போகும். அந்தத் தூரத்துக்குப் பேரு பிவட் நீளம். ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ஒரு நீளம். சாதாரண மேப்பிளுக்குக் குறைவு, விலகல் குறைவான ஷாஃப்டுக்கு அதிகம்.

நான் பிரேக்குக்கு வைக்கிற பிரிட்ஜ், டிப்ல இருந்து அந்தக் கை வரைக்கும், 10 அங்குலம். மேப்பிள் இத்தனை வருஷமா என் தப்பைத் திருத்திக்கிட்டு இருந்திருக்கு. கார்பன் அதை அப்படியே ஒண்ணாம் நம்பர்கிட்ட கொண்டு போய்ச் சேர்த்துச்சு. உங்களுக்கு எப்படி நடந்துச்சு?

வடக்குக்குளிர் (டொரொன்டோ)

அண்ணை, எனக்கு இது மற்றப் பக்கமா நடந்தது. நான் உயரமான ஆள், பிரேக்குக்கு பிரிட்ஜ் 14 அங்குலத்துக்குக் கிட்ட வைக்கிறனான். மேப்பிள் ஷாஃப்டாலை அடிக்கேக்கை டிப் வலப்பக்கம் போனால் பந்து இடப்பக்கம் போயிடும். வருசக்கணக்கா என்ர கண்ணிலைதான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். கார்பனுக்கு மாறின முதல் கிழமையே வெள்ளை நடுவிலை வந்து நிண்டுது. அண்டைக்கு நான் பட்ட சந்தோசத்தை எழுதேலாது.

டிப்பைப் பற்றியும் ஒண்டு சொல்லோணும். ஃபீனாலிக் (ஒரு கெட்டிப் பிளாஸ்டிக்) டிப் தோலை விடக் கெட்டி, பந்திலை படேக்கை சக்தி குறைவாத்தான் வீணாப் போகும். அதே வீச்சுக்கு வெள்ளை கூட வேகமாப் போகும், உண்மை. ஆனால் அது சோக்கை, டிப் வழுக்காமல் இருக்கப் பூசுற பொடியை, வடிவாப் பிடிக்காது. நடுவிலை அடிக்கிற ஆளுக்கு அது பிரச்சினை இல்லை, நடு தவறினால் வழுக்கும். சில போட்டிகளிலை அதை விடமாட்டினம், காசு கட்ட முதல் கேட்டுப் பாருங்கோ. ஸ்டிக் 25 அவுன்ஸுக்கு மேலை இருக்கக்கூடாது, டிப் 14 மில்லிமீட்டருக்கு மேலை இருக்கக்கூடாது எண்டு உலக விதியிலையே இருக்கு.

நான் முந்தி 21 அவுன்ஸ் ஸ்டிக் வைச்சிருந்தனான். 19க்கு இறங்கினாப் பிறகுதான் கை வேகமா வந்தது. ஷேன் வான் போனிங், 2022இலை உலக சாம்பியன், அவர் பிரேக் அடிக்கிறதைப் பாருங்கோ. பந்துகள் சிதறுறதை விட்டிட்டு வெள்ளையை மட்டும் பாருங்கோ. அது எங்கை நிக்குது எண்டுறதுதான் பாடம்.

முத்துமேசை (சிங்கப்பூர்)

நான் எடுத்த ஷாஃப்ட் என் பட்டிலேயே (ஸ்டிக்கின் பின்பாதி) ஏறவில்லை. இரண்டையும் இணைக்கிற திருகாணிக்குத்தான் பின் என்று பெயர். பழைய ஸ்டிக்குகள் விற்கிற ஒருவரிடம் வாங்கினேன். “எல்லாம் எட்டில் மூன்று அங்குலப் பின்தான், பொருந்தும்மா” என்றார். என் பட்டில் இருப்பது ரேடியல் பின், அங்குலத்துக்கு 8 மரை. ஷாஃப்ட் 10 மரைக்கு வெட்டியது. விட்டம் ஒன்றுதான், மரை வேறு. பாதி ஏறி இறுகியது, அவர் இன்னும் கொஞ்சம் திருகச் சொன்னார், நானும் திருகினேன். உள்ளே மரம் பிய்ந்துவிட்டது. பணம் திரும்பி வரவில்லை.

தயவுசெய்து பட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மாட்டிப் பார்த்து, இணைப்பில் விரலை ஓட்டுங்கள். படி தட்டக்கூடாது. மேப்பிள் என்றால் மேசையில் உருட்டியும் பாருங்கள். இங்கே காற்றில் ஈரம் அதிகம், ஏசி ஹாலுக்கும் வீட்டுக்கும் மாறி மாறிப் போய் என்னுடைய ஒரு ஷாஃப்ட் வளைந்தேவிட்டது. கார்பனில் அந்தக் கவலை இல்லை. என்னைப் பொறுத்தவரை அது ஒன்றே போதும், கார்பன் வாங்க.

பச்சைமேசை அண்ணா, என் ஷாஃப்டின் பிவட் நீளத்தை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

கொங்குரேக் (கோயம்புத்தூர்)

நான் முப்பது வருசமா ஆடறேனுங்க. நாங்க ஆட ஆரம்பிச்ச காலத்துல ஹால் சுவத்துல சாத்தி வெச்சிருக்கற ஸ்டிக்குல எது கனமோ அதுதான் பிரேக் ஸ்டிக்கு. அதுலயே நல்லா உடைச்சவங்களை நான் பார்த்திருக்கேன். பிவட் கணக்கு சரிதானுங்க, ஆனா கை இழுக்கறதை ஷாஃப்ட் மறைச்சா அந்தக் கை எப்பத் திருந்தும்? மொதல்ல முக்கால் வேகத்துல அடிச்சு ஒண்ணாம் நம்பரை நெத்தியில வாங்கப் பழகோணும். கடைக்கு அப்புறம் போலாம்.

இன்னொண்ணு. 8-பந்து ஆட்டத்துல அடுக்கோட ரெண்டாவது வரிசைப் பந்தை அடிச்சு உடைக்கறவங்க வேணும்னே கீழ சைடு வெச்சு அடிப்பாங்க. அவங்களுக்கு விலகல் குறைவா இருக்கறதுதான் நல்லதுங்க, குறி வெச்ச எடத்துக்கே பந்து போகும். அதனால எந்த ஆட்டம், எந்த பிரேக்னு சொல்லாம ஷாஃப்ட் கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாதுங்க.

பச்சைமேசை (சென்னை)

கொங்குரேக் அண்ணே, நீங்க சொல்றது எனக்கு உறைக்குது. கையைத் திருத்தற வேலையும் நடக்குது, தினம் இருபது பிரேக், முக்கால் வேகம். ஆனா போட்டி அன்னிக்குக் கை பழையபடி இழுத்தா ஷாஃப்ட் என் பக்கம் நிக்கட்டும்னு ஆசைப்படறேன். அதுல தப்பு இருக்கறதா எனக்குத் தோணல.

முத்துமேசை, இப்படிப் பாருங்க. மேசையோட அந்தக் கோடியில ஒரு பந்து வைங்க, வெள்ளையை இந்தப் பக்கம் வெச்சு நேராக் குறி வைங்க. பிரிட்ஜ் கையை அசைக்காம பின்கையை மட்டும் நகர்த்தி, டிப்பை வெள்ளையோட வலது பக்கம் கொண்டுவாங்க. அந்தக் கோட்டிலேயே பலமா அடிங்க. மெதுவா அடிச்சா பந்து வழியில வளைஞ்சு ஏமாத்திடும். ஸ்டிக் எவ்வளவு படுத்து இருக்கோ அவ்வளவு நல்லது. வெள்ளை வலது பக்கம் தப்பினா பிரிட்ஜ் போதல, டிப்பை விட்டு இன்னும் பின்னாடி வைங்க. இடது பக்கம் தப்பினா கையை முன்னாடி கொண்டுவாங்க. அந்தப் பந்தோட நெத்தியில படறப்போ டிப்ல இருந்து பிரிட்ஜ் கை வரைக்கும் டேப் வெச்சு அளந்துக்குங்க. அந்த அளவும் நீங்க சுகமா பிரேக் அடிக்கற பிரிட்ஜும் பக்கத்துல பக்கத்துல வந்தா, அதுதான் உங்க ஷாஃப்ட்.

நேத்து ராத்திரி என் கார்பனை இப்படி அளந்தேன், 14க்கு மேல போகுது. டொரொன்டோ தம்பிக்கு ஏன் பொருந்துச்சுன்னு இப்பப் புரியுது. நானும் பிரிட்ஜை அவ்வளவு நீட்டி அடிச்சுப் பார்த்தேன், டிப் ஆடுது, நடுவையே பிடிக்க முடியல. மேப்பிளுக்கே திரும்பிட்டேன், புதுசா ஒரு கெட்டித் தோல் டிப் மட்டும் போட்டுக்கிட்டேன்.

கார்பன் ஷாஃப்ட் சும்மா இருக்கு. சென்னையில நீளமா பிரிட்ஜ் வைக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. உங்க பட்டை எடுத்துக்கிட்டு வாங்க, மாட்டி ஒரு சாயங்காலம் முழுக்க அடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் விலை பேசலாம்.