கேலரிக்குக் கொடுத்த ஐந்து படங்கள்

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களை எட்டு ஆண்டுகளாக வரைந்து வருகிறேன். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி, மூச்சு வாங்க அவர்கள் மேலே வரும் கணம்தான் என் படங்கள் எல்லாம். சென்னைக் கேலரி ஒன்று கண்காட்சிக்கு ஐந்து படங்கள் கேட்டது. நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரசீது கேட்கக் கூச்சம். வாய்ப்புக் கொடுத்தவரிடம் கணக்குக் கேட்பதா என்று பேசாமல் வந்துவிட்டேன்.

ஒரு படம் 18,000 ரூபாய்க்கு விற்றது. தங்கள் பங்கு போக மீதியை ஒழுங்காகவே அனுப்பினார்கள். சில மாதங்கள் கழித்து ராமேசுவரத்தில் ஒரு கடை வாசலில் துணிப்பைகள் தொங்கின. அவற்றில் என் படம்! கழுத்துக்கு மேல் வெட்டியிருந்தார்கள். என் கையெழுத்தும் இல்லை. அந்தப் படத்துக்காக வெயிலில் நின்ற அக்காவிடம் ஒரு பையைக் காட்டினேன். "என் முகம் எங்கே, தம்பி?" என்று கேட்டார். இன்றும் அந்தக் கேள்வி தூங்கவிடுவதில்லை.

அச்சிடக் கொடுத்தது கேலரிதான். "படம்தான் விற்றுப்போனதே, இனி உங்களுக்கு என்ன?" என்றார்கள். ராமநாதபுரத்தில் ஒரு வழக்கறிஞர் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்துக் காட்டினார். படத்தை விற்பது வேறு, அதை அச்சிடும் உரிமையை விற்பது வேறு. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. நோட்டீஸ் போனதும் பைகள் நின்றன.

ஆனால் திரும்பி வந்த நான்கில் இரண்டு படங்களில் வண்ணம் உரிந்திருந்தது. கொடுத்தபோது நன்றாக இருந்தன என்று காட்ட என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. அது என் நஷ்டமாகவே போயிற்று. இப்போது படத்தின் அளவு, விலை, நிலை, சேதமானால் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு படத்தைக்கூட வீட்டிலிருந்து எடுப்பதில்லை.

கீழக்கரையிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, எனக்கு நடந்தது வேறு. ஒரு விடுதி முன்பணம் கொடுத்து வல்லம் என்னும் நாட்டுப்படகு ஒன்றை வரையச் சொன்னது. பிறகு அதையே காலண்டராகப் போட்டார்கள். சண்டைக்குப் போனேன், செல்லவில்லை. பணம் கொடுத்து வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் அவர்களே என்கிறது 17ஆம் பிரிவு. முன்பணம் வாங்கும் நாளிலேயே அச்சுரிமை யாருக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனாலும் 57ஆம் பிரிவைக் காட்டி என் பெயரைப் போட வைத்தேன். அச்சுரிமை கைமாறினாலும், தன் பெயரைப் போடச் சொல்லவும் படைப்பைச் சிதைத்தால் கேட்கவும் உள்ள உரிமை கலைஞனிடமே நிற்கும். டெல்லி விக்ஞான் பவன் சுவரிலிருந்து அமர்நாத் சேகலின் சிற்பத்தை அரசே பெயர்த்தெடுத்துச் சிதைத்த வழக்கில், 2005இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னதும் இந்தப் பிரிவை வைத்துத்தான். நீங்கள் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத் தாளின் நகல் கிடைக்குமா?

பாம்பன்:

அனுப்புகிறேன், தம்பி. படத்தை வெட்டி அச்சிடக் கூடாது என்று தனி வரி இருக்கிறது. படத்தின் கீழே என் பெயரோடு, அக்கா சம்மதித்தபடி அவர் பெயரும் இருக்க வேண்டும் என்று அடுத்த வரி.