தாழ்வாரத்து நாற்காலி

பாழடைந்த கட்டடங்களைப் படமெடுக்கப் போகிறவன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "பேய் ஏதாவது பாத்தீங்களா?" என்பதுதான். ஏழெட்டு வருடமாக நானும் என் நண்பனும் இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். பேய் கண்ணில் பட்டதில்லை. வௌவால், குளவிக்கூடு, ஒருமுறை குட்டி போட்டிருந்த ஒரு நாய் (வாசல்வரை துரத்திவிட்டுத்தான் ஓய்ந்தது) இவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு தடவை நிஜமாகவே உடம்பு சில்லிட்டுப்போனது. அதற்குக் காரணம் ஒரு மர நாற்காலி.

எங்கள் இருவரையும் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பதை இருக்கிறபடி எடுக்கிறவன். கதவு பாதி திறந்திருந்தால் பாதி திறந்தே இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் எதையும் தொடுவதற்கு முன் அகலமாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வேன். அவன் வேறு ஜாதி. எது எங்கே இருக்க வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் காமிராவையே வெளியில் எடுப்பான். உடைந்த பொம்மை கிடைத்தால் ஜன்னல் விளிம்பில் உட்கார வைப்பான். கிழிந்த புத்தகத்தை வெளிச்சம் விழுகிற இடத்தில் விரித்து வைப்பான். இதை வைத்து எங்களுக்குள் தீராத வழக்கு.

செர்னோபில் அணு உலை விபத்தில் காலியான பிரிப்யாத் நகரப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வாயுக்கவச முகமூடி மாட்டிய பொம்மை கட்டிலில் கிடக்கும். 1986 ஏப்ரல் 27 அன்று அந்த ஊர் மக்களைப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பியபோது எந்தக் குழந்தை பொம்மைக்கு முகமூடி மாட்டிக்கொண்டிருந்திருக்கும்? அவற்றில் பல, பிற்பாடு வந்தவர்கள் படத்துக்காகச் செய்த ஜோடனை. இதை நான் சொன்னால், "பாக்கிறவன் என்ன உன்கிட்ட சர்டிஃபிகேட்டா கேக்கறான்?" என்பான். நான் நமீபியாவின் கோல்மான்ஸ்கோப்பைப் பேச்சில் இழுப்பேன். வைரத்துக்காகப் பாலைவனத்தில் முளைத்து, 1956-இல் கடைசி ஆளும் கிளம்பிப்போன ஊர் அது. வீட்டுக்குள் மணல் ஏறிக் கதவுகளைப் பாதிவரை மூடியிருக்கிறது. அந்த மணலில் தன் காலடி பதியாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே படமெடுக்கிறவனின் முதல் வேலையாக இருக்கும், எதையும் நகர்த்துவது அல்ல. "சரி சரி, ஆரம்பிச்சுட்டியா" என்று அவன் லென்ஸைத் துடைக்கப் போய்விடுவான்.

அன்று நாங்கள் போனது மூடிக்கிடந்த ஒரு பழைய மருத்துவமனைக்கு. அனுமதி வாங்கத்தான் வாரக்கணக்கில் அலைந்தோம். கடைசியில் உரிமையாளர் தரப்பில் ஒருவர் போனில், "காவலுக்கு ஒருத்தர் இருப்பாரு, அவரைப் பாத்துட்டு உள்ள போங்க" என்றார். விடியல் வெளிச்சம் வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே போய் நின்றுவிட்டோம். கேட்டை ஒட்டியிருந்த அறை பூட்டிக்கிடந்தது. பத்து நிமிடம் பார்த்தோம். கிழக்கு வெளுக்க ஆரம்பித்ததும் நண்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேட் சும்மாதான் சாத்தியிருந்தது. அனுமதிதான் இருக்கிறதே என்று உள்ளே போய்விட்டோம். தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

கீழ்த்தளத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓர் அறையில் மட்டும் நீராவிக் குழாய்களைச் சுற்றியிருந்த பொதி கந்தலாகத் தொங்கியது. அதைப் பார்த்ததுமே இருவரும் பின்வாங்கிவிட்டோம். பழைய கட்டடங்களில் அந்தப் பொதி ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். உதிர்ந்த இழை கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போய்விட்டால் நோயாக வெளிப்பட 20, 30 வருடம்கூட ஆகும். துணி முகமூடி அதற்குப் பிரயோஜனம் இல்லை. நுண்ணிய தூசியையும் தடுக்கிற பி100 வடிகட்டி வைத்த முகமூடி எங்களிடம் இருந்தது. இருந்தும் அந்த மாதிரி அறையில் ஒரு படத்துக்காக நிற்பதில்லை என்பதில் எங்களுக்குள் சண்டையே கிடையாது. வௌவால் எச்சமும் அப்படித்தான். அதில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா என்கிற பூஞ்சை, தூசியோடு கிளம்பினால் நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை, தரை படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று துடைப்பத்தைத் தூக்கிய நண்பனை நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறேன்.

மாடிக்குப் போனதும் இருவருக்குமே பேச்சு நின்றுவிட்டது. நீண்ட தாழ்வாரம், ஒரு பக்கம் முழுக்க ஜன்னல்கள், உடைந்த கண்ணாடி வழியே சாய்வாக இறங்கும் வெயில், பலகை பாவிய தரை. பாதி தூரத்தில், ஜன்னல் சுவரை ஒட்டி ஒரே ஒரு நாற்காலி. கை உடைந்தது. முதுகில் சிவப்புத் துணி ஒன்று கட்டியிருந்தது. வழக்கம்போல முதல் படத்தை எடுத்துக்கொண்டேன். அந்தச் சிவப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். யார், எதற்குக் கட்டியிருப்பார்கள் என்ற யோசனை மட்டும் வரவில்லை.

நண்பனுக்குச் சிவப்பு உறுத்தியது. துணியை அவிழ்த்துப் பாக்கெட்டில் செருகிக்கொண்டான். நாற்காலியைத் தூக்கிப் பத்தடி தள்ளி, வெயில் விழுந்த நடுப்பகுதியில் ஜன்னலைப் பார்த்தபடி வைத்தான். நான் முணுமுணுத்தேன். அவன் காதில் வாங்கவில்லை. காமிராவை ட்ரைபாடில் பொருத்தினான். லென்ஸ் துளை எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100. ஜன்னலில் கண் கூசுகிற வெளிச்சம், மூலையில் கும்மிருட்டு. ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் அடங்காது என்பதால் வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று எடுத்தான். இருட்டுக்கான படத்துக்கு எட்டு விநாடி ஷட்டர் திறந்திருந்தது. மரத்தளத்தில் ஒருவன் காலை மாற்றி வைத்தாலே ட்ரைபாட் ஆடிவிடும். ஆகவே இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்த எட்டு விநாடியில்தான் கீழே காலடிச் சத்தம் கேட்டது. வயதான ஒருவர் நடக்கிற மாதிரி, மெதுவாக, கோல் ஊன்றி.

காவல்காரராகத்தான் இருக்கும், எதிரே போய்ச் சொல்லிவிடலாம் என்று நான் படிக்கட்டை நோக்கித் திரும்பினேன். மரத்தளத்தில் நான் எப்போதும் சுவரை ஒட்டித்தான் நடப்பேன். உத்தரங்கள் சுவரில்தான் தாங்கி நிற்கின்றன, ஆகவே ஓரம் உறுதி, நடு பலவீனம் என்பது இந்த வேலையில் இறங்கிய நாளிலிருந்து மனப்பாடம். நாலு எட்டு வைத்திருப்பேன்.

"அங்கயே நில்லுங்க!"

படிக்கட்டு முனையில் அவர் நின்றிருந்தார். நின்றுவிட்டேன். நீங்கள் யார், எப்படி உள்ளே வந்தீர்கள் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"நாற்காலிய யாரு எடுத்தது?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. அவர் தாழ்வாரத்தின் நடுவாக, ஒரு குறிப்பிட்ட பலகை வரிசையில் மட்டும் கால் வைத்து வந்தார். எனக்கு இரண்டடி முன்னால், நாற்காலி இருந்த இடத்தில் கோலை ஊன்றி அழுத்தினார். பலகை சத்தமே போடவில்லை. நனைந்த அட்டை மாதிரி உள்ளே போனது. கோலை இழுத்ததும் அந்த ஓட்டை வழியே கீழ்த்தளத்தின் சிமெண்டுத் தரை தெரிந்தது.

"மேல மழைத்தண்ணிக் குழா ஒடஞ்சிருக்கு. தண்ணி இந்தச் செவுத்து வழியாத்தான் எறங்குது. செவுத்துக்குள்ள இருக்கிற உத்தர முனையெல்லாம் உளுத்துப்போச்சு தம்பி. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது."

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த விதி, சுவர் காய்ந்திருந்தால் மட்டும்தான் செல்லும். ஈரச் சுவருக்குள் புதைந்த மரம் முதலில் உளுப்பது அந்த முனையில்தான். யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஜன்னலுக்குக் கீழே காரை ஊறிப் பச்சை படிந்திருந்ததை நான் ரசித்து ரசித்துப் படமெடுத்திருந்தேன்.

"இதுக்குப் போய் நாற்காலியா? ஒரு போர்டு வெச்சிருக்கலாமே" என்றான் நண்பன், தொண்டை வறண்ட குரலில்.

"வெச்சேன். தூக்கிட்டுப் போயிட்டானுங்க. அளவெடுக்க வந்த பையன் ஒருத்தனுக்கு முட்டிவரைக்கும் கால் உள்ள போயிருச்சு. அப்பறம்தான் இதப் போட்டேன். கை ஒடஞ்ச நாற்காலிய எவன் தொடப்போறான்னு நெனச்சேன்."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் சாதாரணமாகச் சொன்னார்.

திருப்பி வைக்கலாம் என்றால் எங்கே இருந்தது என்று நண்பனுக்குச் சரியாக நினைவில்லை. நான் காமிராவில் அந்த முதல் படத்தைக் காட்டினேன். பெரியவர் திரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். மூன்றாவது ஜன்னலுக்கும் நாலாவதுக்கும் நடுவில். அவர் காட்டிய பலகைகளில் மட்டும் கால் வைத்து நண்பன் நாற்காலியைக் கொண்டுபோனான். "இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம்" என்றார். நகர்த்தினான். "துணி?" என்றார். பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கட்டினான். முடிச்சு சரியில்லை என்று அவரே அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அதன்பிறகு அவர் கூடவே வந்து முழுக் கட்டடத்தையும் சுற்றிக்காட்டினார். எந்தப் படி ஆடும், எந்தக் கூரையில் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது, எங்கே குளவி இருக்கிறது, எல்லாமே அவருக்கு அத்துப்படி. கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். எந்த இடம் என்று படத்தில் போட்டுவிட வேண்டாம், ஏற்கெனவே தாமிர ஒயரும் குழாய்த் திருகுகளும் போய்விட்டன என்றார். வெளியே வந்ததும் முதல் வேலையாக மொபைலில் எடுத்த படங்களிலிருந்து ஜிபிஎஸ் தகவலை நீக்கினோம். படத்தில் ஊர்பேர் எழுதாவிட்டாலும் கோப்புக்குள் அட்சரேகை தீர்க்கரேகை உட்கார்ந்திருக்கும், பலர் இதைக் கவனிப்பதில்லை.

நண்பன் எடுத்த படம் அருமையாக வந்திருந்தது. வெயில், நாற்காலி, பின்னால் வெறுமையாக நீளும் சுவரோரம். அந்தச் சுவரோரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கால் கூசுகிறது. அதை அவன் இதுவரை யாருக்கும் காட்டவில்லை. பொம்மைகளை ஜன்னலில் உட்கார வைப்பதை மட்டும் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் தூக்குவதற்கு முன், "மொத படம் எடுத்துட்டியாடா?" என்று கேட்கிறான்.